மார்பில் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து ஓபரேஷன் வரை: தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) குடியிருக்கிறோம். எனக்கு இடது மார்பில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன நாளுக்கும் ஓபரேஷன் நடந்த நாளுக்கும் நடுவில் பதினொரு வாரம். அதில் மூன்று வாரம் என்னுடைய தவறாலேயே வீணானது. ஒரு வாரம் போனை எடுக்காததால் போனது, இரண்டு வாரம் இனிப்பு நீரால் (நீரிழிவால்) போனது. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

நான் எழுதுவது மார்பகப் புற்றுநோயை வைத்து. குடலோ கருப்பையோ வேறு எதுவோ என்றால் சோதனைகள் மாறும். கடிதம், காசு, லீவு, காத்திருப்பு எல்லாம் ஏறக்குறைய இதே மாதிரிதான். மருத்துவ முடிவுகளை உங்கள் டாக்டரோடு பேசி எடுங்கள். மற்ற அலைச்சலுக்குத்தான் இந்தக் கட்டுரை.

1. கடிதத்தை அரசாங்கக் கிளினிக்கில் வாங்குங்கள்

பெரிய ஆஸ்பத்திரியின் சிறப்பு மருத்துவரைப் பார்க்க ‘சூராட் ருஜுக்கான்’, அதாவது பரிந்துரைக் கடிதம், வேண்டும். அதை எங்கே வாங்குகிறீர்கள் என்பதில் காசு இருக்கிறது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பதிவுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). அந்தக் கடிதத்தோடு போனால் சிறப்பு மருத்துவரை முதல் முறை பார்க்கக் கட்டணம் இல்லை, அதற்குப் பிறகு தடவைக்கு 5 வெள்ளி. தனியார் கிளினிக் கடிதத்தோடு போனால் முதல் முறைக்கு 30 வெள்ளி. இது குடிமக்களுக்கான கட்டணம். 60 வயது தாண்டியவர்கள் பதிவு முகப்பில் வயதைச் சொல்லிச் சலுகை கேளுங்கள்.

30 வெள்ளி கூடப் பரவாயில்லை, நாள்தான் பெரிது. நான் முதலில் பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். தொட்டுப் பார்த்துவிட்டு “கொழுப்புக் கட்டி, பயப்படாதீங்க” என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வலி இல்லாததால் நானும் நம்பினேன். இரண்டு மாதம் ஓடியது. வலிக்கவில்லை என்பதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தொட்டால் கெட்டியாக இருக்கிறதா, தோல் உள்வாங்கியிருக்கிறதா, காம்பு உள்ளே இழுத்திருக்கிறதா, காம்பிலிருந்து இரத்தம் கசிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் எடுக்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

கிளினிக்கில் கடிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். “டாக்டர், இங்கிருந்தே போன் பண்ணித் தேதி வாங்கித் தர முடியுமா?” என்று கேளுங்கள். சந்தேகம் பலமாக இருந்தால் அவர்களே பேசிச் சீக்கிரத் தேதி வாங்கித் தருவார்கள். கேட்காவிட்டால் வரிசைப்படி கிடைக்கும் தேதிதான்.

2. ஒரு ஃபைல், இன்றைக்கே

சீனர் கடையில் ஐந்து வெள்ளிக்கு விற்குமே, உள்ளே நாற்பது பிளாஸ்டிக் உறை இருக்கும் ஃபைல், அதை வாங்குங்கள். நான் முதலில் எல்லாவற்றையும் கடைப் பையில் போட்டு அலமாரி மேல் வைத்திருந்தேன். என் பேத்தி அதில் ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்திருந்தாள். அது இரத்தப் பரிசோதனைத் தாள்.

ஃபைலில் இருக்க வேண்டியவை:

- ஐசி (அடையாள அட்டை), அதன் நகல் பத்து. ஒவ்வொரு கவுண்டரிலும் ஒன்று கேட்பார்கள்.
- கணவர் அல்லது கூட வருபவரின் ஐசி நகல்.
- பரிந்துரைக் கடிதம், அப்பாயின்மென்ட் அட்டை.
- சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். அட்டைகளையே ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது இன்னும் நல்லது.
- மெமோகிராம், ஸ்கேன் படங்கள், சிடி, ஊசிச் சோதனை முடிவு.
- எஸ்டிஆர் (குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் ரொக்க உதவி) பெறுபவர் என்றால் அதற்கான அத்தாட்சி.
- இரத்த தானம் செய்தவர் என்றால் அந்தச் சிவப்புப் புத்தகம். தானம் செய்தவர்களுக்கு வார்டுக் கட்டணத்தில் சலுகை உண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை.
- அரசாங்க ஊழியர், ஓய்வூதியர், அவர்கள் குடும்பத்தார் என்றால் உத்தரவாதக் கடிதம்.

ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். தனியாரில் ஊசிச் சோதனை செய்திருந்தால் முடிவுத் தாள் மட்டும் போதாது. அந்தச் சதைத் துண்டின் கண்ணாடிச் சில்லுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். அரசாங்க ஆய்வுக்கூடம் அதைத் திரும்பப் பார்க்க விரும்பலாம். கையில் இல்லை என்றால் ஊசியை மறுபடி குத்த வேண்டி வரும்.

சிவப்பு ஐசி (நிரந்தரவாசிகளுக்கானது) உள்ளவர்களும் ஐசியே இல்லாதவர்களும் கவனியுங்கள். நம் தோட்டங்களில் இன்னும் அப்படி இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு ஏறலாம். முதல் நாளே கவுண்டரில் உங்கள் நிலைக்கு எவ்வளவு என்று கேளுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரியின் சமூகப் பணி அதிகாரியைப் பார்த்துவிடுங்கள். பில் வந்த பிறகு போய் நிற்பதைவிட முன்னால் போவது நல்லது.

3. ஊசிச் சோதனையும் அதன் முடிவும்

மரத்துப் போக ஊசி போட்டுவிட்டு, தடித்த ஊசியால் கட்டியிலிருந்து சிறு துண்டுகள் எடுப்பார்கள். ‘டக்’ என்று ஸ்டேப்ளர் அடிப்பது போலச் சத்தம் கேட்கும். பயந்து துள்ளாதீர்கள். அரை மணி நேர வேலைதான். அன்றைக்கு எண்ணெய் டின், தண்ணீர் வாளி எதையும் தூக்க வேண்டாம்.

“ஊசி குத்தினா கேன்சர் பரவிடும்” என்று லயத்தில் நாலு பேராவது சொல்வார்கள். அப்படி இல்லை. என்ன வகை என்று தெரியாமல் எந்த டாக்டரும் கத்தியை எடுக்க மாட்டார்.

முடிவு வர எனக்குப் பதினாறு நாள் ஆனது. இரண்டு மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட்டுக் கொடுத்திருந்தாலும், முந்தின நாள் போன் செய்து “முடிவு வந்துவிட்டதா?” என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

4. முடிவு சொல்லும் நாள்

தனியாகப் போகாதீர்கள். ஆறுதலுக்காக மட்டும் சொல்லவில்லை. ‘கேன்சர்’ என்ற வார்த்தைக்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. என் நாத்தனார் பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டு வந்ததால் பிழைத்தேன். மலாயோ ஆங்கிலமோ நன்றாகத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். ஆள் இல்லையென்றால் தமிழ் பேசும் மிஸ்ஸி (நர்ஸ்) இருக்கிறார்களா என்று கேட்கலாம். புரியாமல் தலையாட்டுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

கேட்க வேண்டியவை, நோட்டில் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். எந்த வகை? எந்தக் கட்டம், அல்லது கட்டம் எப்போது தெரியும்? ஹார்மோன் சோதனையும் ஹெர்2 என்ற புரதத்துக்கான சோதனையும் என்ன சொல்கின்றன? முதலில் ஓபரேஷனா, முதலில் கீமோவா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். சிலருக்குக் கட்டியைச் சுருக்க முதலில் கீமோ கொடுப்பார்கள். “எனக்கு மட்டும் ஏன் ஓபரேஷனைத் தள்ளிப் போடுகிறார்கள்?” என்று பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட்டு அழ வேண்டாம்.

5. ஸ்கேனுக்குக் காத்திருக்கும்போது போனை எடுங்கள்

நோய் வேறு எங்கும் போயிருக்கிறதா என்று பார்க்க சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். அதற்குத் தனித் தேதி, தனி இரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்கேன் மருந்தை ஏற்றுவார்கள்.

என் முதல் ஒரு வாரம் இங்கேதான் போனது. ஒருவர் வராததால் ஸ்கேனில் இடம் காலியாகி எனக்குப் போன் வந்திருக்கிறது. 05 என்று தொடங்கும் தெரியாத எண். மோசடிக்காரர்கள் போன் செய்து காசைப் பிடுங்குகிறார்கள் என்று மகன் பயமுறுத்தி வைத்திருந்ததால் நான் எடுக்கவே இல்லை, மூன்று தடவை. இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது. இந்த மாதங்களில் தெரியாத எண் என்றாலும் எடுங்கள். ஆஸ்பத்திரி உங்களிடம் வங்கிக் கணக்கு எண்ணோ, வங்கி போனுக்கு அனுப்பும் டிஏசி ரகசிய எண்ணோ கேட்காது. கேட்டால் வைத்துவிடுங்கள்.

தோட்டத்தில் லைன் கிடைக்காத இடத்தில் இருந்தால் இரண்டாவது எண்ணாகப் பட்டணத்தில் இருக்கும் உறவினர் எண்ணைக் கொடுங்கள். ‘காலியான இடம் இருந்தால் உடனே வருவேன்’ என்று கவுண்டரில் சொல்லி எழுதி வைக்கச் சொன்னால், பலருக்குச் சீக்கிரம் கிடைத்திருக்கிறது.

போகும் வழி: காரில்லாதவர்கள் ஈப்போ பஸ்ஸில் ஏறி மேடான் கிட் பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிராப் டாக்ஸி பிடிக்கலாம். கிளினிக் எட்டு மணிக்குத் திறந்தாலும் ஏழுக்கே ஆள் வந்துவிடும். கார் என்றால் நிறுத்த இடம் தேட அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். உங்களை வாசலில் இறக்கிவிட்டு, கார் ஓட்டி வந்தவர் போய் இடம் தேடட்டும்.

6. முழு மார்பையும் எடுப்பதா, கட்டியை மட்டுமா?

கட்டி சிறியதாக இருந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். என் முதல் பதில், “எல்லாத்தையும் எடுத்துடுங்க டாக்டர், வந்து வந்து அலைய முடியாது.”

அந்தப் பதிலில் பாதி சரி. கட்டியை மட்டும் எடுத்தால் அதற்குப் பிறகு பெரும்பாலும் கதிர்வீச்சு உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், மூன்றிலிருந்து ஐந்து வாரம். அரசாங்கக் கதிர்வீச்சுக் கருவி எல்லா ஊரிலும் இல்லை; பினாங்கு, கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜோகூர் பாரு என்று சில இடங்களில்தான். சிகிச்சை ஒவ்வொரு நாளும் சில நிமிடம், போய்வருவது முழு நாள். அதனால் தோட்டத்துப் பெண்கள் நிறையப் பேர் முழுவதையும் எடுக்கச் சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் அக்குள் நெறிக்கட்டிகளில் நோய் இருந்தாலோ கட்டி பெரிதாக இருந்தாலோ, முழு மார்பை எடுத்த பிறகும் கதிர்வீச்சு வேண்டி வரலாம். இது எனக்குத் தெரியாது. அலைச்சல் போகும் என்று மார்பைக் கொடுத்துவிட்டு, பிறகு அலையவும் வேண்டியிருந்தால் எப்படி இருக்கும்? அதனால் இப்படிக் கேளுங்கள்: “முழுசா எடுத்தாலும் எனக்குக் கதிர்வீச்சு வர வாய்ப்பு எவ்வளவு? எங்கே அனுப்புவீங்க? தங்க இடம் கிடைக்குமா?” பதிலைக் கேட்ட பிறகு வீட்டில் பேசி முடிவெடுங்கள். ஒரு வாரம் யோசித்தால் தவறில்லை.

நான் கடைசியில் முழுவதையும்தான் எடுத்தேன். ஆனால் தெரிந்து எடுத்தேன். அப்புறம் ஒன்று: இந்தப் பேச்சில் மாமியார், மாமா, சித்தப்பா எல்லாரையும் சேர்க்க வேண்டாம். கையெழுத்துப் போடுவது நீங்கள்.

7. மூன்று மாதக் கஷாயம்

யாராவது ஒருவர் மூலிகைக்காரர் நம்பரோடு வருவார். என்னிடம் வந்தவர் என் மேல் உண்மையான பாசம் உள்ளவர், அதனால்தான் மறுக்கக் கஷ்டமாக இருந்தது. “மூணு மாசம் குடிச்சுப் பாரும்மா, கரையலைன்னா அப்புறம் வெட்டிக்கலாம்” என்றார். ஒரு போத்தல் 280 வெள்ளி.

2018இல் வெளிவந்த மலேசியப் புற்றுநோய் ஆய்வின்படி, முதல் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட மார்பகப் புற்றுநோயாளிகளில் ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் நூற்றுக்கு 87 பேர், நான்காம் கட்டத்தில் 23 பேர். மூன்று மாதத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்று இதை வைத்துப் பாருங்கள். சாமி கும்பிடுங்கள், நேர்த்திக்கடன் வையுங்கள், தேதியை மட்டும் தள்ளாதீர்கள். ஏற்கெனவே ஏதாவது குடித்துக்கொண்டிருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்க வேண்டாம். இரத்தம் உறைவதைக் கெடுக்கும் மூலிகைகள் இருக்கின்றன.

8. வேலையை விடாதீர்கள், காசு எங்கே இருக்கிறது?

முடிவு வந்த வாரமே பலர் செய்யும் தவறு, ராஜினாமா. என் தோழி தொழிற்சாலையில் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். நீங்கள் கொடுக்காதீர்கள். 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 18, ஐந்தும் அதற்கு மேலும் 22. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிய நோய் என்றால் 60 நாள். 2023 தொடக்கத்திலிருந்து இந்த 60 நாள் அந்த 14, 18, 22இல் அடங்காது, தனி. தோட்ட ஆபீஸிலோ தொழிற்சாலை அலுவலகத்திலோ எம்சி என்ற மருத்துவ விடுப்புச் சீட்டைக் கொடுக்கும்போது நகல் ஒன்று உங்கள் ஃபைலில் இருக்கட்டும்.

மற்றவை:

பெக்கா பி40, அரசாங்கத்தின் சுகாதார உதவித் திட்டம். எஸ்டிஆர் பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும். புற்றுநோய் சிகிச்சையை முழுதாக முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளி: தொடங்கும்போது 300, முடித்த பிறகு 700. தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரை. விண்ணப்பம் சிகிச்சை பெறும் அரசாங்க ஆஸ்பத்திரி வழியாகப் போக வேண்டும். யாரும் தேடி வந்து கொடுக்க மாட்டார்கள், சிகிச்சை தொடங்கும் முன் கவுண்டரில் “பெக்கா பி40 யார் பார்க்கிறார்கள்?” என்று கேளுங்கள்.

ஊழியர் சேமநிதி. கடும் நோய்க்கான மருத்துவ மீட்பு ‘அக்காவுன் செஜாதெரா’ என்ற கணக்கிலிருந்து. டாக்டர் நிரப்ப வேண்டிய பாரம் உண்டு. அரசாங்க வார்டில் மூன்றாம் வகுப்பு நாளைக்கு 3 வெள்ளி என்னும்போது இந்தப் பாரத்தில் எழுதப் பெரிய பில் உங்களிடம் இருக்காது. பஸ், சாப்பாடு போன்ற செலவுக்கு ‘அக்காவுன் பிளெக்ஸிபெல்’ என்ற கணக்கில் குறைந்தது 50 வெள்ளியிலிருந்து எடுக்கலாம், காரணம் கேட்க மாட்டார்கள்.

சொக்சோ, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். 60 வயதுக்குள் இருந்து, நோயால் இனி வேலையே செய்ய முடியாது என்ற நிலை வந்தால் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். எத்தனை மாதம் சந்தா கட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

காப்புறுதி. முகவருக்கு உடனே சொல்லுங்கள். ஆரம்பநிலை, பரவாத வகை என்றால் சில கடும்நோய்ப் பாலிசிகள் கொடுப்பதில்லை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவ அறிக்கை கேட்டால் வாரக்கணக்கில் ஆகும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

9. சீனி குறையாவிட்டால் ஓபரேஷன் இல்லை

என் இரண்டு வாரம் இங்கே போனது. மயக்க மருந்துக் கிளினிக்கில் இரத்தம், இதயம், நெஞ்சுப் படம் எல்லாம் பார்ப்பார்கள். இனிப்பு நீர், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லையென்றால் தேதியைத் தள்ளுவார்கள். சீனி ஏறியிருந்தால் காயம் ஆறாது, புண் பிடிக்கும். எனக்குக் காலையில் விரலைக் குத்திப் பார்த்தபோது சீனி 16 மில்லிமோல். “அக்கா, இப்படி இருந்தா ஓபரேஷன் செய்ய முடியாது” என்று டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை வைக்க இடமில்லை.

காரணம் வேறொன்றுமில்லை. நோய் என்று கேட்டதும் ஆளாளுக்கு ‘சத்து’ கொண்டு வந்தார்கள். மால்ட் பானம், பழச்சாறு, பேரீச்சம்பழம், பால் பவுடர். மூன்று வாரமாக அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன். முடிவு வந்த அன்றே சீனி பார்க்கத் தொடங்குங்கள், தேதி வரும் வரை காத்திருக்க வேண்டாம். கோப்பி, தே எல்லாம் ‘கோசோங்’, சீனி போடாமல். சோறு ஒரு கரண்டி குறையட்டும், முட்டை, மீன், பருப்பு கூடட்டும். இரத்தத்தை நீர்த்துப்போக வைக்கும் மாத்திரையும் சில இனிப்பு நீர் மாத்திரைகளும் சில நாள் முன்பே நிறுத்தப்பட வேண்டும். எது, எப்போது என்று எழுதி வாங்குங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

10. வார்டுக்குப் போகும் நாள்

பொதுவாக முந்தின நாளே படுக்கச் சொல்வார்கள். கிளம்பும் முன் வார்டுக்குப் போன் செய்து கட்டில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

தாலி, மெட்டி, வளையல், மூக்குத்தி எதுவும் ஓபரேஷன் அறைக்குள் போகாது. இரத்தத்தை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள், உலோகம் இருந்தால் தோல் சுட்டுவிடக்கூடும். தாலியை ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி முன்னால் அவசரமாகக் கழற்றுவதைவிட, வீட்டில் சாமி படத்துக்கு முன் வைத்துக் கழற்றிக்கொள்வது மனசுக்கு நல்லது. என் மாமியார்தான் எனக்குக் கழற்றினார். ‘திரும்பி வந்து போட்டுக்கோ’ என்று மட்டும் சொன்னார். மூக்குத்திதான் கஷ்டம். இருபத்தெட்டு வருடமாகத் திருகு கழன்றதே இல்லை, சோப்பு, எண்ணெய் எதற்கும் அசையவில்லை. கடைசியில் பட்டணத்தில் நகைக்கடை ஆசாரி சின்னக் குறடு வைத்து எடுத்தார், காசும் வாங்கவில்லை. ஒரு வாரம் முன்பே கழற்றிப் பாருங்கள். மருதாணி, நகச்சாயம் வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி சரியாகக் காட்டாது.

பையில்: முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி மூன்று. தலைவழியாகப் போடும் எதுவும் ஆகாது, கையைத் தூக்க முடியாது. சேஃப்டி பின், சின்னத் தலையணை ஒன்று அக்குளில் வைக்க, போன் சார்ஜர், நீள வயர். நகையும் காசும் வீட்டில் இருக்கட்டும். ஃபைல் கணவர் கையில்.

நள்ளிரவுக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. தண்ணீர் எத்தனை மணி வரை என்று கேளுங்கள். ஒப்புதல் பாரத்தில் எந்தப் பக்கம், என்ன ஓபரேஷன் என்று எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்திடுங்கள். மார்பில் பேனாவால் குறி போடுவார்கள், சரியான பக்கம்தானா என்று நீங்களும் பாருங்கள்.

கண் விழிக்கும்போது மார்பிலிருந்து ஒன்றோ இரண்டோ குழாய் தொங்கும், முனையில் ஒரு போத்தல். அதோடுதான் வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். நைட்டியின் உள்பக்கம் பின் குத்தி மாட்டிக்கொண்டால் கழிவறைக்குப் போகும்போது இழுக்காது. தினமும் ஒரே நேரத்தில் எத்தனை மில்லி என்று எழுதி வையுங்கள், அதைப் பார்த்துத்தான் குழாயை எடுப்பார்கள். கை தூக்கும் பயிற்சியை வார்டிலேயே காட்டித் தரச் சொல்லுங்கள்.

எடுத்த சதையின் முழு அறிக்கை வர மறுபடி இரண்டு மூன்று வாரம் ஆகும். கீமோ உண்டா, கதிர்வீச்சு உண்டா என்பதை அதுதான் சொல்லும். அதைக் கேட்க வரவேண்டிய தேதி அட்டையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வார்டை விட்டு இறங்குங்கள்.